பூட்டு லைன்

பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. மின்விசிறிக் காற்று எல்லோர் மேலும் படுகிற மாதிரி நெருக்கி உட்காருங்கள். சாப்பிடாதவர்கள் இருந்தால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். காலி வயிற்றோடு கேட்டால் இந்தக் கதை தலைக்கேறிவிடும். இன்றைக்கு உங்களுக்கு ஓர் ஊர் பிறந்த கதையையும், அந்த ஊரில் குழந்தையே கிடையாது என்று எழுதி வைத்த கதையையும் சொல்லப் போகிறேன். நான் பொய் எதுவும் கலக்க மாட்டேன். கலக்க வேண்டியதையெல்லாம் மற்றவர்களே கலந்துவிட்டார்கள்.

திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற பஸ்ஸில் ஏறி, "பூட்டு லைன் ஒண்ணு" என்று கேட்டால், கண்டக்டர் மறுபேச்சு இல்லாமல் டிக்கெட் கிழிப்பார். அரசாங்க ஆபீஸில் போய் அதே பெயரைச் சொன்னால், "அப்படி ஒரு ஊரே இல்லையே" என்பார்கள். அங்கே அது சாளைக்காடு. ஒரு மேட்டு நிலத்தின் பெயர். அதில் மனிதர்கள் முளைத்த சேதி இன்னும் அந்த ஆபீஸுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆத்தப்பனின் தகப்பனார் காலத்தில் அங்கே சோளம் விளைந்தது. மழை பெய்த வருஷம் பருத்தி. பிறகு கிணறு வற்றியது. வற்றிய கிணறு மறுபடி ஊறியபோது தண்ணீர் ஒரு நாள் சிவப்பாக வந்தது, ஒரு நாள் நீலமாக வந்தது. ஊரெங்கும் பனியனுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார்கள், என்ன நிறம் வராது? மாடுகள் தொட்டியில் வாய் வைக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டன. மாட்டுக்கு அந்த உரிமையாவது இருந்தது. ஆத்தப்பன் மாடுகளைக் காங்கேயத்து வியாபாரிக்கு ஓட்டிவிட்டு, காலியான கொட்டகையைக் குறுக்கே குறுக்கே தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு தகரக் கதவு மாட்டி, மனிதர்களுக்கு வாடகைக்கு விட்டார். அதுதான் முதல் லைன். மாடு கட்டியிருந்தபோது இருபுறமும் காற்றுக்குத் திறந்து விட்டிருந்தார்கள். மனிதர்கள் வந்ததும் அடைத்துவிட்டார்கள்.

முதலில் குடிவந்தவர்கள் கைருதீனும் அவர் மனைவி சைதுன்னிசாவும். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற துணித்துண்டுகளை மூட்டை மூட்டையாக எடுத்துவந்து, நிறம் நிறமாகப் பிரித்து விற்கிற வேஸ்ட் குடோன் அவர்களுடையது. கைருதீன் காலமான பிறகும் சைதுன்னிசா குடோனை விடவில்லை. அவர்களுக்குப் பின்னால் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்து ஜனங்கள் வந்தார்கள், மழை அவர்களைக் கைவிட்டதால். அவர்களுக்குப் பின்னால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயில் ரயிலாக வந்தார்கள். ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் ஆத்தப்பன் சோளக்காட்டில் இன்னொரு லைன் இழுத்தார். காடு முடிந்தது, ஊர் ஆரம்பித்தது.

பகலில் அந்தத் தெருக்களில் நடந்தால் இருபுறமும் தகரக் கதவு, கதவுக்குக் கதவு பூட்டு. எல்லோரும் கம்பெனியில். எந்த கண்டக்டர் முதலில் சொன்னாரோ தெரியாது, பூட்டு லைன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது ஆத்தப்பன் போட்ட சட்டத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். வீட்டுக்கு நாலு பேர். குழந்தைகுட்டி கூடாது.

"ஆளு கூடுனா செப்டிக் டேங்க் தாங்காதுங்க. புள்ளைக இருந்தா செவுத்துல கிறுக்கும், தண்ணியத் தொறந்து உட்டுப்போடும். பேச்சுலரா இருந்தா வாங்க, இல்லாட்டிப் புருசம் பொண்டாட்டியா வாங்க. ஊடு தாரேன்," என்பார், மிக மரியாதையாக. அந்த ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

பிழைக்க வருகிறவர்கள் பிள்ளையை எங்கே வைப்பார்கள்? ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் விட்டுவிட்டு வந்தார்கள். இல்லாதவர்கள் கூட்டிக்கொண்டு வந்து ஒளித்து வைத்தார்கள். ஆத்தப்பன் கண்ணில் பட்டுவிட்டால், "எங்க அண்ணன் மகன், லீவுக்கு வந்திருக்கான்" என்பார்கள். அந்த ஊரில் லீவு முடிந்ததே கிடையாது, கண்ணுகளா. லீவுக்கு வந்த பிள்ளைகள் லீவிலேயே நடை பழகின. லீவிலேயே பால் பல் விழுந்தது. ஆத்தப்பனுக்கும் தெரியாமல் இல்லை. தெரியாதவர் மாதிரி இருப்பது அவருக்குச் சௌகரியம், தெரியாது என்று நம்புவது இவர்களுக்குச் சௌகரியம்.

தலைக்கணக்கு எடுக்க அவ்வப்போது ஆள் வரும். கழுத்தில் அட்டை, தோளில் பை. வருவது எப்போது? பட்டப்பகலில். ஊரெல்லாம் தையல் மிஷினில் குனிந்திருக்கிற நேரத்தில் வந்து, தகரக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'பூட்டிய வீடு' என்று எழுதிக்கொண்டு, ஆத்தப்பன் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போவார்கள். "யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டால் அவர், "பேச்சுலர் பசங்கதானுங்க, இன்னைக்கு இருப்பானுக, நாளைக்குப் போயிருவானுக" என்பார். தப்பித் தவறி யாராவது ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டாலும் இந்த ஜனங்களே, "நாலு பேருதாங்க" என்பார்கள். கேட்பது அரசாங்கமா வீட்டுக்காரரா என்று இவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. பயந்தவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆள்.

இப்படியாக, ஓர் ஊரே சேர்ந்து தன்னைத்தானே அழித்து எழுதிக்கொண்டது.

முத்துப்பேச்சி அந்த ஊருக்கு வந்தது கல்யாணமான புதிதில். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் சூப்பர்வைசரே ஓரமாகத்தான் நடப்பான். கையும் வேகம், வாயும் வேகம். கணவன் அருள்செல்வன் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் முகம் தெரிந்தால் அதிகம். அவர்களுக்கு ஒரே மகள், தேஜஸ்ரீ, நாலு வயசு. கண்ணும் மூக்குமாகத் துறுதுறுவென்று இருக்கும். ஆனால் அந்தத் துறுதுறுப்பைப் பார்த்தவர்கள் குறைவு.

ஏனென்றால் முத்துப்பேச்சிக்குத் தினமும் ஒன்றரை ஷிப்ட். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. போகும்போது ஒரு தட்டில் தயிர்சோறு, ஒரு பாட்டில் தண்ணீர், மூலையில் அவசரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பேசின். பழைய செல்போனில் பொம்மைப் படம், சத்தம் இல்லாமல். பிறகு வெளியே பூட்டு.

"ஏட்டி, ஆரு தட்டுனாலும் பேசப்பிடாது. பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் பேசப்பிடாது. நான் தட்டுனா மட்டும் அம்மான்னு கூப்பிடு. என்ன?"

பிள்ளை தலையை ஆட்டும்.

அந்தத் தட்டு என்னவென்று சொல்ல வேண்டும். திரும்பி வருகிற தாய், பூட்டைத் திறப்பதற்கு முன்னால் சாவியால் பூட்டின்மேல் தட்டுவாள். முதலில் ஒரு தட்டு, கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டு அடுத்தடுத்து. டக். டக்டக். உள்ளேயிருந்து "அம்மா" என்று குரல் வரும். அதன் பிறகுதான் சாவி உள்ளே போகும். எந்தத் தாய் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தி வாசலில் போட்ட கோலத்தை அடுத்த வாசலில் இன்னொருத்தி போடுகிற மாதிரி, கதவுக்குக் கதவு பரவிவிட்டது. ஒடிசாக்காரி வீட்டிலும் அதே தட்டுதான். இருட்டும் நேரத்தில் அந்தத் தெருவில் நின்றால் டக், டக்டக் என்று லைன் முழுக்கக் கேட்கும். தூரத்தில் நிற்பவர்களுக்கு ஏதோ பட்டறை என்று தோன்றும்.

கம்பெனியில் பிள்ளையை விட இடம் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது! 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு மாட்டிய அறை. உள்ளே தொட்டில், பிளாஸ்டிக் குதிரை, சுவரில் யானைப் படம். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் பார்வையிட வருகிற அன்றைக்கு அதைத் திறப்பார்கள். அன்றைக்கு மட்டும், "புள்ளை இருக்கறவங்க எல்லாம் கூட்டிட்டு வாங்கம்மா" என்று அறிவிப்பார்கள். தேஜஸ்ரீயும் ஒரு தடவை போனாள். குதிரையின் மேல் உட்கார்ந்தாள். வெள்ளைக்காரர் கன்னத்தைத் தட்டினார். மறுநாள் காலையில், "குதிரைக்குப் போலாம்மா" என்று காலைக் கட்டிக்கொண்டாள். குதிரை உள்ளே பூட்டிக் கிடந்தது. இவள் இங்கே பூட்டிக் கிடந்தாள்.

மாசி மாதம் முடிகிற சமயம். வெயில் சுள்ளென்று ஏற ஆரம்பித்திருந்தது. ஒரு நண்பகலில், முத்துப்பேச்சி வீட்டுக்குப் பக்கத்து அறையில், பையன்கள் வேலைக்குப் போன பிறகு, மெத்தைமேல் சார்ஜில் கிடந்த செல்போன் வெடித்துப் பஞ்சில் தீப்பிடித்தது. லைன் வீடுகளில் தடுப்புச் சுவர் கூரை வரை எட்டாது. சிமெண்ட் அட்டைக்குக் கீழே எல்லா வீட்டுக்கும் ஒரே வெளிதான். பக்கத்து அறைப் புகை இந்த அறைக்குள் இறங்க எவ்வளவு நேரமாகும்?

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து ஓடிவந்தார்கள். தண்ணீர் எடுத்து ஊற்றினார்கள். நல்லவர்கள்தான், கதவு கதவாகத் தட்டினார்கள். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" ஆத்தப்பனே பைக்கில் பறந்து வந்து, முத்துப்பேச்சியின் தகரக் கதவை இரண்டு கையாலும் அடித்தார்.

"ஏனுங், உள்ள ஆளிருக்குதா?"

பதில் இல்லை.

"இது பூட்டிக் கெடக்குது. அடுத்த ஊட்டப் பாருங்க!"

போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா, சொல்லுங்கள். கேட்டார்கள், பதில் வரவில்லை, போனார்கள்.

சைதுன்னிசா குடோனிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவளுக்குத் தெரியும், உள்ளே பிள்ளை இருக்கிறது என்று. "தேஜு! தேஜூக்கண்ணு! நாந்தான், சைதம்மா!" என்று கத்தினாள். கதவின் மேல் விளிம்பில் புகை கசிந்தது. உள்ளே சத்தம் இல்லை. ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, இன்றைக்குத் தாய் கூடக் கூட்டிப்போய்விட்டாளோ என்று. அந்தச் சந்தேகத்தோடு அவளும் நகர்ந்திருந்தால், இந்தக் கதையை நான் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு வாய் வந்திருக்காது.

அவள் நகரவில்லை. குடோன் தராசிலிருந்து பெரிய எடைக்கல்லைத் தூக்கிவந்து பூட்டின்மேல் போட்டாள். பூட்டு விடவில்லை, கொண்டி தெறித்தது.

கட்டிலுக்கடியில் பிள்ளை இருந்தது. விழித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தது. புகைக்காகப் பொத்தவில்லை, கண்ணுகளா. இருமல் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று பொத்தியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள். அல்லாவும் மாரியாத்தாளும் சேர்ந்து பார்த்த மாதிரி, பிள்ளை தேறிவிட்டது. முத்துப்பேச்சி கம்பெனி கழுத்துப் பட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை.

"ஏட்டி, ஏன்ட்டி நீ பேசல? அத்தன பேரு தட்டிருக்காவ, வாயத் தொறந்து ஒரு சத்தம் குடுத்தா என்னட்டி?"

தேஜஸ்ரீ மூக்குக் குழாயோடே சொன்னாள்: "நீ தட்டலியே."

முத்துப்பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது அவள் வேறு ஆள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆத்தப்பன் வாசலில் நின்றார்.

"அம்மணி, புள்ளை நல்லா இருக்குதுங்களா? மாரியாத்தா காப்பாத்திப்போட்டா. ஆனா ஒண்ணுங்க. புள்ளை இருக்கறத மறச்சு ஊட்டுல குடியிருக்கறீங்க. ஏதாவது ஆயிருந்தா போலீசு என்ற ஊட்டுக்குத்தானே வரும்? ரெண்டு மாசத்துல காலி பண்ணிருங்க."

"நீங்கதானய்யா கதவத் தட்டுனது?"

"ஆமாங்க. நாந்தானுங்க மொதல்ல தட்டுனேன்."

"நீங்க போட்ட சட்டத்துக்குப் பயந்துதான்யா எம்புள்ள உங்களுக்கே பதில் சொல்லல. காலி பண்ணுதேன். ஆனா சும்மா பண்ண மாட்டேன்."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஊருக்கு ஓர் அங்கன்வாடி. பகலில் பிள்ளையை விட ஓர் இடம், பூட்டில்லாத ஓர் இடம். லீவு போட்டுக்கொண்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். ஒரு மேசையில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாளைக்காடா? அங்க குழந்தைகளே இல்லையேம்மா. எல்லாம் பூட்டின வீடு. இல்லாத குழந்தைக்கு எப்படிம்மா அங்கன்வாடி கேக்கறீங்க?" என்றார். இடுப்பில் இருந்த தேஜஸ்ரீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னய்யா? பொம்மையா?"

"ஒரு குழந்தைக்கு ஒரு அங்கன்வாடி கட்ட முடியுமாம்மா? மே ஒண்ணாம் தேதி கிராம சபை கூட்டம் இருக்கு. அங்க வந்து சொல்லுங்க."

மே ஒன்று. தொழிலாளர் தினம். வருஷத்தில் கம்பெனிகள் வாய் மூடுகிற நாட்களில் ஒன்று. முத்துப்பேச்சி அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் நின்று பேசினாள். குடத்தோடு நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கென்ன, நீ காலி பண்ணப் போற. எங்களையும் சேத்து இழுத்துட்டுப் போறியா?" என்றாள் கமலாம்பாள். சேவூர்ப் பக்கத்துக்காரி, இரண்டு பிள்ளைகளை ஒளித்து வைத்திருந்தவள். "அவரு காலி பண்ணச் சொன்னா நாங்க எங்க போறதாமா? உங்க சங்கரன்கோயிலுக்கா?"

"இங்கனயே கெட. ஆனா எம்மவ செத்திருந்தா நீ வந்து ஒப்பாரி வச்சிருப்ப. மறுநாக் காலைல உம்பிள்ளைகளப் பூட்டிட்டுத்தான் ஷிப்டுக்குப் போயிருப்ப."

"வாய அளந்து பேசு முத்துப்பேச்சி."

"அளந்துதான் பேசுதேன். ஓவர்லாக்கு அடிக்கவ, எனக்கு அளவு தெரியாதா?"

சைதுன்னிசா குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் கொடத்தக் கீழ வைங்க. கண்ணுகளா, யாரும் எதுவும் பேச வேண்டாமுங். புள்ளைகளைக் கூட்டிட்டு வந்து, சமுதாயக் கூடத்துக்கு வெளிய வேப்பமரத்து நெழல்ல நில்லுங்க. லீவு நாள்தானே, வேடிக்கை பாக்க வந்தோம்னு சொல்லிக்கலாம். நெஞ்சுல தெம்பு வந்தா உள்ள வாங்க. வராட்டித் திரும்பிப் போயிருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அப்படித்தான் அவர்கள் வந்தார்கள். சொந்தப் பிள்ளைகளோடு, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி.

கூடத்தில் கூட்டம் நடத்த ஓர் இளம் பெண் அலுவலர் வந்திருந்தார். இரும்பு மேசை, மேசைமேல் மைக். முன்வரிசையில் ஆத்தப்பனும் அவர் வயசுக்காரர்களும். தெருவிளக்கு, சாக்கடை, மயானப் பாதை என்று ஒவ்வொன்றாகப் போனது. முத்துப்பேச்சி எழுந்து மைக் பக்கத்தில் போனாள். இடுப்பில் தேஜஸ்ரீ, கையில் அந்தப் பூட்டு. உடைந்தது கொண்டிதானே, பூட்டு இன்னும் வாயை இறுக்கிக்கொண்டுதான் இருந்தது. நடந்ததைச் சொன்னாள். அங்கன்வாடி வேண்டும் என்றாள்.

அலுவலர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுவிட்டு, "சாளைக்காட்டுல குழந்தைகள் இருக்கறதா பதிவே இல்லையேம்மா" என்றார்.

ஆத்தப்பன் எழுந்தார். "மேடம், அது என்ற காடுங்க. எனக்குத் தெரியாததா? பேச்சுலர் பசங்கதானுங்க இருக்கறாங்க. இந்த அம்மணிக்கு ஏதோ மனசு சரியில்லீங்க, பாவம், புள்ளைக்குச் சீக்காயிருச்சு."

முன்வரிசையில் "த்சொ த்சொ" என்றார்கள். நானும் அன்றைக்குக் கூடத்தில் ஓர் ஓரமாக இருந்தேன். அந்தத் த்சொ த்சொவைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது சொல்லும்போதும் வருகிறது. அடிப்பவனைக்கூட மன்னித்துவிடலாம், கண்ணுகளா.

அலுவலர் நல்ல பெண்தான். எழுந்து வந்து, குனிந்து, "பாப்பா, உன் பேர் என்ன?" என்று கேட்டார்.

தேஜஸ்ரீ வாயைத் திறக்கவில்லை.

"எங்க இருக்கே? இங்க பூட்டு லைன்லயா?"

பிள்ளை இரண்டு கையையும் எடுத்து வாயைப் பொத்திக்கொண்டது. தெரியாத ஆள் கேட்டால் பேசக் கூடாது. பேர் சொல்லிக் கேட்டாலும் பேசக் கூடாது. படித்த பாடத்தை அவ்வளவு நன்றாகப் படித்திருந்தது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆத்தப்பன் சொன்னார்: "பாருங்க மேடம். லீவுக்கு வந்த புள்ளைங்க அது. இந்த ஊரே அதுக்குத் தெரியாது."

முத்துப்பேச்சியின் கை உயர்ந்தது. பூட்டு அவர் மண்டையைக் குறிபார்த்திருந்தது. சைதுன்னிசா பின்னாலிருந்து, "வேண்டாம் கண்ணு! அதையும் அவுங்க கணக்குல எழுதிக்குவாங்க!" என்று கத்தினாள்.

உயர்ந்த கை அப்படியே நின்றது. ஜன்னல் வழியாக வேப்பமர நிழல் தெரிந்தது. அங்கே நின்ற பெண்கள் தலையைக் குனிந்திருந்தார்கள். பிள்ளைகள் ஒன்றும் அறியாமல் மண்ணில் உட்கார்ந்து வேப்பங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தன.

முத்துப்பேச்சி கையை இறக்கினாள். பிள்ளையைக் கீழே விட்டாள். பூட்டை இரும்பு மேசையின் மேல், மைக்குக்கு முன்னால் வைத்தாள். மடியிலிருந்து சாவியை எடுத்தாள்.

டக். டக்டக்.

"அம்மா!" என்றாள் தேஜஸ்ரீ.

அவள் மட்டுமா? மைக்கில் ஏறிய சத்தம் வெளியே கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் போய் மோதியது. வேப்பமரத்தடியில் பொறுக்கியதைக் கீழே போட்டுவிட்டு, ஒன்று நிமிர்ந்தது, இன்னொன்று நிமிர்ந்தது. பிறகு மொத்தமாக, "அம்மா!" "மா!" "அம்மி!" "அம்மாவ்!" என்று கத்தின. எந்தக் கதவு, எந்தத் தாய் என்று பார்க்கவில்லை. சாவிச் சத்தம் கேட்டால் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும். இடுப்பில் இருந்த கைக்குழந்தை ஒன்று, பேச்சே வராதது, சத்தத்துக்குச் சத்தம் கொடுத்து வீறிட்டது.

முத்துப்பேச்சி விடவில்லை. மறுபடி தட்டினாள். மறுபடி அந்தக் கூச்சல். முன்வரிசையில் இப்போது த்சொ த்சொ இல்லை.

"எழுதுங்க மேடம்," என்றாள் முத்துப்பேச்சி. "இவுக எல்லாரும் லீவுக்கு வந்த பிள்ளைக. எல்லாம் பேச்சுலரு. எழுதுங்க!"

முதலில் உள்ளே வந்தது கமலாம்பாள்தான். இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, ஆத்தப்பனைப் பார்க்காமல், மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "என்ற புள்ளைகதானுங்க. ரெண்டும் இந்த லைன்லதான் பொறந்துச்சு," என்றாள். அவளுக்குப் பின்னால் ஒடிசாக்காரி. மொழி வரவில்லை, மகனைத் தூக்கி மேசையின் மேலேயே உட்காரவைத்துவிட்டாள். அப்புறம் கூடத்தின் வாசல் போதவில்லை.

"எல்லாத்தையும் காலி பண்ண வச்சுப்போடுவேன்!" என்று ஆத்தப்பன் கத்தினார். அன்றைக்குத்தான் அவர் வாயில் 'ங்க' வராமல் போனது.

"பண்ணுங்," என்றாள் சைதுன்னிசா. "மாட்ட மறுபடி கட்டுங். அதுக்கு இந்தத் தண்ணி ஒத்துக்குமான்னு கேட்டுக்கங்."

யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை முத்துப்பேச்சியைப் பார்த்து இல்லை.

அலுவலர் கூட்டத் தீர்மானத்தில் எழுதினார். மறு ஞாயிறு ஆட்களை அனுப்பி, வீடு வீடாகத் திரும்ப எடுக்கவும் வைத்தார். அந்தக் கணக்கு மேலே போயிருக்கிறது. எங்கே வரை போயிருக்கிறது என்று கேட்டால், மேலே என்கிறார்கள். அங்கன்வாடிக் கட்டடம் இன்னும் வரவில்லை. நான் உங்களுக்கு இனிப்பான முடிவு சொல்லி ஏமாற்ற மாட்டேன். ஆத்தப்பன் யாரையும் காலி பண்ணவும் இல்லை. ஒரு ஆளை அனுப்பலாம், ஊரை எங்கே அனுப்புவது? முத்துப்பேச்சியிடம் இன்றுவரை பேசுவதில்லை. அது அவளுக்கு நிம்மதி.

ஆனால் இப்போது பகலில் பூட்டு லைன் பக்கம் போனால் சத்தம் கேட்கும். சைதுன்னிசா குடோனில் பாதியை ஒழித்துக் கொடுத்துவிட்டாள். பெண்கள் முறை வைத்து, ஒரு நாளைக்கு ஒருத்தி ஷிப்டை விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அரசாங்கம் செய்ய வேண்டியதை, கம்பெனி செய்ய வேண்டியதை, தூக்கத்துக்கு ஏங்குகிற பெண்கள் செய்கிறார்கள். இதைப் பெருமை என்று சொல்லாதீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. பிள்ளைகள் துணித்துண்டு மூட்டைகளின் மேல் ஏறிக் குதிக்கின்றன. தேஜஸ்ரீ ஒரு சிவப்பு மூட்டையைக் குதிரை என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். வேறு யாரையும் ஏற விடுவதில்லை. குடோன் கதவை யார் தட்டினாலும், "ஆரு? என்ன வேணும்?" என்று முதலில் கேட்பது அவள்தான். அவ்வளவு பெரிய குரல் அவளுக்குள் எங்கே இருந்ததோ.

எழுந்திருக்கலாம், கண்ணுகளா, நேரமாயிற்று. கோபத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டாம், கொண்டுபோங்கள். உங்கள் வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் போதுமாக இருக்கட்டும். யார் தட்டினாலும் பயமில்லாமல் பதில் சொல்லும் குரல் உள்ளே இருக்கட்டும். உங்கள் வீட்டில் எத்தனை உயிரோ அத்தனையும் ஒளியாமல், குறையாமல் தலை நிமிர்ந்து வாழட்டும். பத்திரமாகப் போய் வாருங்கள்.